இரண்டு நாடாவும் ஒரு மீசையும்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால், மூன்று வார்த்தை அவருடைய மீசைக்கே போய்விடும். மிச்சம் ஒன்று அவர் கைவேலைக்கு. எங்கள் தறிக்கூடத்தில் நாற்பது தறி, நாற்பதுக்கும் அவர்தான் ஃபிட்டர். எந்தத் தறி எங்கே முனகுகிறது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். ஆனாலும் "நல்ல ஃபிட்டர்" என்று யாராவது சொன்னால் சும்மா தலையாட்டுவார். "நல்ல மீசை" என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு டீ அவர் செலவு.

மீசையும் லேசுப்பட்டதல்ல. எண்ணெய் வேண்டாம், மெழுகு வேண்டாம், ஒவ்வொரு முடியும் தன் காலில் தானே நிற்கும். காலையில் கண்ணாடி முன்னால் அவர் அதோடு குடும்பம் நடத்தும் நேரத்தில் அக்கா அவருக்கும் மகளுக்கும் தனக்கும் சமைத்து, டப்பாவும் கட்டிவிடுவாள். "எனக்கு முன்னாடியே வந்துட்ட சக்களத்தி" என்பாள் அதை.

நான் பதினோராம் நம்பர் தறி ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் தார் சுற்றும் அறையில் கிடந்தேன். கட்டையில் நூல் சுற்றிச் சுற்றி மூக்கு, காது, சோறு எல்லாவற்றிலும் பஞ்சு. அங்கிருந்து தறிக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் வாயாடி என்று பெயர் வாங்கியவள், ஆனால் அந்த அறைக்குத் திரும்பிப் போவதைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு வாயே வராது.

தறி தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். துணிக்குக் குறுக்கே நூலை எடுத்துக்கொண்டு ஓடும் மரக்கட்டைதான் நாடா. அதன் வயிற்றில் நூல் சுற்றிய தார் இருக்கும். ஓட ஓட நூல் அவிழ்ந்து, நாடாவின் பக்கத்தில் உள்ள சின்னத் துளை வழியாக வெளியே வரும். அவிழும்போது நூல் சும்மா வராது, துள்ளும். அதைப் பிடித்து நிதானமாக விடத்தான் நாடாவின் உள்சுவர் இரண்டிலும் முயல் ரோமம் ஒட்டியிருப்பார்கள். ரோமம் தளர்ந்துவிட்டால் துணியின் ஓரத்தில் நூல் சுருள் சுருளாக நிற்கும். விறைத்துக்கொண்டால் நூல் அறுந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி, இதற்குள்தான் எங்கள் பிழைப்பு.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி ஒரு புது நூலைக் கொண்டுவந்தார். கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வெள்ளைத் துணிக்கான நூல். பளபளவென்று பார்க்க லட்சணம், குணம் மட்டும் விலாங்கு மீன். என் தறியில்தான் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு முழம் நெய்வதற்குள் ஓரமெல்லாம் சுருள். நாடாவைத் திறந்தால் ரோமம் தேய்ந்து, வழுக்கையன் தலை மாதிரி இருந்தது. புது ரோமம் வர பதினைந்து நாள் ஆகும் என்றான் கடைக்காரன். துணி வாங்குபவர்கள் சார்பில் ஆள் வந்து பார்ப்பதோ சனிக்கிழமை.

"இந்தத் தறியில இந்த நூல் ஓடாதுங்க முதலாளி," என்றார் சூப்பர்வைசர். "தறிய நிறுத்திட்டு இந்தம்மாவ பழையபடி தார் சுத்த அனுப்பிடலாம்."

நான் சொன்னேனே, எனக்கு வாயே வரவில்லை. மாமாவுக்கு வந்துவிட்டது. அவர் தறியைக் குறை சொன்னால் அவரையே சொன்ன மாதிரி. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை இந்தத் தறியில, இந்த நூல்ல, ஒரு சுருள் இல்லாம ஓட்டிக் காட்டறேன். தோத்தா என் மீசைய எடுத்துடறேன்!"

சூப்பர்வைசருக்கும் ஒரு மீசை உண்டு. பென்சிலால் கோடு போட்ட மாதிரி, கன்னங்கரேல் என்று. அதைத் தடவிக்கொண்டே, "ஓட்டிக் காட்டிட்டா நான் எடுக்கறேன்ப்பா," என்றார். கூடமே கைதட்டியது. மனுஷன் வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டாரே!

அன்று சாயங்காலம் தொடங்கியது முடி வேட்டை. ரோமத்துக்குப் பதில் எதையாவது ஒட்ட வேண்டுமே. முதலில் சவரம் செய்யும் பிரஷ். மிருதுவாகப் போய்விட்டது, நூல் அதைச் சட்டையே செய்யவில்லை. அடுத்து அக்காவின் பல் தேய்க்கும் பிரஷ். அது ரொம்ப விறைப்பு, நூல் பட் பட்டென்று அறுந்தது. துடைப்பத்தைப் பிய்த்தார், செருப்புத் துடைக்கும் பிரஷைச் சிரைத்தார். தறிக்கூடத்துப் பூனையிடம் கத்தரிக்கோலோடு போனவர் முழங்கை வரைக்கும் கோடு கோடாகத் திரும்பி வந்தார். அக்கா தூங்கும்போது பின்னலில் ஒரு துண்டு போயிருக்கிறது. அதில் எண்ணெய், நூலெல்லாம் மஞ்சள்.

புதன்கிழமை அக்கா என்னிடம் வந்து பொருமினாள். "ஏண்டி, ரெண்டு நாளா விரலால பல்லு தேய்க்கறேன். என்னதான் பண்றாரு உன் மாமா?"

"மீசையைக் காப்பாத்தறாருக்கா."

"நாசமாப் போச்சு. அதுக்கு என் சடையா கெடைச்சுது?"

வியாழக்கிழமை மத்தியானம் மாமா ஒன்பதாவது முறையாக நாடாவில் நூல் கோத்தார். எங்கள் தொழிலில் வழக்கம் இப்படித்தான்: அந்தத் துளையில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வெளியே வந்துவிடும். அவர் உறிஞ்சிய வேகத்தில் நூல் வந்து மீசைக்குள் புகுந்துகொண்டது. "எடு, எடு" என்று கையாட்டினார். நான் நுனியைப் பிடித்து இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு துள்ளல் இல்லை, ஒரு சுருள் இல்லை, அறுபடவும் இல்லை. நான்கு நாளாக எங்களை ஆட்டிவைத்த நூல், மாமா மீசை வழியாகச் சாதுவாக வந்துகொண்டிருந்தது.

"மாமா," என்றேன், "உங்க மீசைய ஒட்டினா பிரமாதமா ஓடும்போல இருக்கே!"

சத்தியமாக நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசையைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்குத்தான் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். பல்வலியாம். கிராம்பு வைத்திருக்கிறாராம். என் தறிக்கு வந்து, ஒரு நாடாவை அதன் பெட்டியில் வைத்தார். ஓட்டினேன். அடேயப்பா! துணியின் ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி வந்தது. தறியை நிறுத்தி நாடாவைப் பார்த்தேன். இரண்டு சுவரிலும் வரிசை வரிசையாக, கறுப்பாக, விறைப்பாக, தன் காலில் தானே நிற்கும் முடி.

"மாமா... கைக்குட்டையக் கழட்டுங்க."

சுவர்ப் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். இடது பக்கம் மொட்டை. வலது பக்கம் மட்டும், ஜோடி பிரிந்த செருப்பு போல, தனியாக நின்றது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சிரிக்காதே. பாதி இருக்கிற வரைக்கும் அது மீசைதான். முழுசா எடுத்தாதான் எடுத்ததா ஆகும்," என்றார் ரோஷமாக. "சோதனைக்கு ஒரு நாடா போதும். அப்புறம் ரோமம் வந்துடும், இதையும் வளத்துக்குவேன். வெளிய மூச்சு விட்டே, அவ்வளவுதான்."

சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. தோற்றால் போய்விடுமே என்று பயந்த மீசையை, என் தறிக்காக இந்த மனுஷன் முதல் நாளே பாதி கொடுத்துவிட்டாரே என்று இருந்தது.

சனிக்கிழமை துணியைப் பார்க்க ஒரு அம்மா வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி, முகத்தில் சிரிப்பே இல்லை. நான் ஓட்டினேன். ஐந்து மீட்டர் வந்ததும் கண்ணாடியை ஓரத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். "நல்லா இருக்கு" என்றார். மாமா கைக்குட்டைக்குள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"இன்னொரு நாடா எங்கே?" என்றார் அந்த அம்மா.

"இது ஒண்ணே போதுங்க, தார மட்டும் மாத்தி மாத்தி..." என்று இழுத்தேன்.

"ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணுல தார் மாத்தணுமே, ஒரு தறிக்கு ரெண்டு நாடா இல்லாம எப்படி வேலை ஓடும்? ரெண்டுலயும் பார்த்துட்டுதான் நான் கையெழுத்து போடுவேன்."

சூப்பர்வைசர் முகத்தில் வெளிச்சம் வந்ததே, பார்க்க வேண்டுமே! "அதானே, போடுப்பா இன்னொரு நாடாவ," என்றார். இரண்டாவது நாடாவில் அக்காவின் பல் பிரஷ்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். பசைப் புட்டியையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பல்லுவலிக்கு மருந்து வைக்கப் போறாரு, பதினஞ்சு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு, நான் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். வீடு எங்கே, பிள்ளைகள் எத்தனை, கண்ணாடி என்ன விலை, முட்டி வலிக்குமா, மாமியார் எப்படி, எதையும் விடவில்லை. வாயாடி என்று பெயர் வாங்கியது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. முட்டி வலியில் தொடங்கி மாமியாரில் வந்து நின்றபோது அந்த அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாமியாருக்குப் பயந்தவர்தான் போல.

மாமா வந்தார். கண் சிவந்திருந்தது. நாடாவைப் பெட்டியில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஓட்டினேன். ஐந்து மீட்டரும் கத்தி ஓரம். அந்த அம்மா இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கூடமே ஆர்ப்பரித்தது. சூப்பர்வைசருக்குத்தான் தாங்கவில்லை. "ரொம்பப் பெருமையா? அந்தக் கைக்குட்டைய எடுப்பா, பல்ல பார்ப்போம்," என்று எட்டி உருவிவிட்டார்.

கூடமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வெறும் வெளுப்பு. இருபத்திரண்டு வருஷமாக வெயில் படாத இடம்.

"மீசை போச்சு!" என்று குதித்தார் சூப்பர்வைசர். "பாத்தீங்களா முதலாளி! தோத்துட்டேன்னு அவனே ஒத்துக்கிட்டு எடுத்துட்டான்! கணக்கு தீர்ந்துது, நான் எதுக்கு எடுக்கணும்?"

முதலாளியே குழம்பிப் போய் மாமாவைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா நாடா இரண்டையும் எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தார்.

"இது இடது. இது வலது," என்றார் அமைதியாக. "தோத்தா எடுக்கறேன்னுதான் சொன்னேன் சார். ஜெயிக்கறதுக்கு எடுக்கமாட்டேன்னு சொல்லலியே."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பூதக்கண்ணாடியை எடுத்து நாடாவுக்குள் பார்த்துவிட்டு, கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்க பங்கு எப்போ சார்?"

"கீழ போட்டுடாதீங்க," என்றார் மாமா. "பொட்டலம் கட்டிக் கொண்டாங்க. பன்னெண்டாம் தறிக்கு வேணும்."

சாயங்காலம் மாமா பின்னாலேயே நானும் போனேன். அக்கா கதவைத் திறந்தாள். யாரோ என்று நினைத்து, "வீட்ல அவர் இல்லீங்களே" என்றாள். அப்புறம் கிட்டே வந்து பார்த்து, கன்னத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "அடப்பாவி மனுஷா! நம்ம பொண்ணு உதடு உங்களோடதா? பதினெட்டு வருஷமா எங்க வீட்டு உதடுன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களே!" சண்டையில் தொடங்கியவள் அவர் கன்னத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்கு அங்கே வேலை இல்லை என்று கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் மீசை இல்லாமல் வந்தார். சொன்ன சொல்லுக்கு நின்றார், அதை மறுக்கமாட்டேன். பொட்டலத்தை மாமா கையில் கொடுத்தார். மாமா அதைப் பிரித்தார், விரலை எச்சிலில் தொட்டு முடியைத் தேய்த்தார், விரலை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் கறுப்பு.

"வேணாம் சார்," என்று பொட்டலத்தை மடித்துப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். "சாயம். வெள்ளைத் துணி கெட்டுடும்."

கடைக்காரன் சொன்னபடி பதினைந்தாம் நாள் முயல் ரோமம் வந்தது. மாமா ஒவ்வொரு நாடாவாக எடுத்து ஒட்டிக்கொண்டே வந்தார். பத்தாம் தறி முடிந்தது. என் தறிக்கு வந்து நின்றார். மூக்கடியில் பத்து நாள் பயிர் முள்ளுமுள்ளாக இருந்தது. நாடாவைக் கையில் எடுத்து, திறந்து பார்த்து, விரலால் ஒரு தடவை தடவினார். பிறகு ஒன்றும் செய்யாமல் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் தறிக்குப் போய்விட்டார்.

இப்போது மீசை பழையபடி வளர்ந்துவிட்டது, கண்ணாடி முன்னால் குடும்பமும் பழையபடி நடக்கிறது. ஆனாலும் தினம் ஒரு தடவை என் தறிப் பக்கம் வந்து நிற்பார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். அவர் கை தானாக மேலுதட்டுக்குப் போகும்.

"பத்திரமா இருக்கு மாமா," என்பேன்.

"நான் தறிச் சத்தம் கேக்க வந்தேன்," என்பார்.