கவ்வாத்து சாமி இருந்த இடம்

அப்பாயியின் கருமாதிக்கு அடித்த பெனரில் "பக்தியின் சிகரமே, பாசத்தின் பிறப்பிடமே" என்று போட்டிருந்தார்கள். நான் டீச்சர் என்பதால் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம்தான் அனுப்பினார்கள். பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. குடும்பமே கூடி நின்று இப்படிப் புளுகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அப்பாயிக்குத் தொண்ணூறு வயது என்பது குத்துமதிப்புதான். டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான இதே லயத்தில் பிறந்தவள். விவரம் தெரியும் முன்பே கூடையைத் தலையில் மாட்டிவிட்டார்கள். ஆறு பெற்றாள், நாலு தங்கியது. என் அப்பா கைக்குழந்தையாக இருக்கும்போது தாத்தா போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரமே அப்பாயி பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிவிட்டாள். யாரிடமும் அழுததில்லை. அழுவதற்கும் ஏசுவதற்கும் அவளுக்கு ஒரே ஆள்தான் இருந்தது. வாகை மரத்தடியில் இருந்த கல்.

மூக்கும் முழியும் இல்லாத கல் அது. தேயிலைச் செடியை மட்டமாக நறுக்கிக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள், கத்தியை எடுக்குமுன் அதன் முன்னால் சேவல் அறுப்பார்கள். அதனால் கவ்வாத்து சாமி. அவர்களுக்கு அது சில வருடத்துக்கு ஒருமுறை. அப்பாயிக்குத் தினமும். பறிக்கிற முதல் கைப்பிடிக் கொழுந்தை அதன் தலையில் வைத்துவிட்டுத்தான் நிரையில் இறங்குவாள். ஆறு பிள்ளைகளையும் பிறந்து முப்பது நாள் கழிந்ததும் அங்கே கொண்டுபோய்க் கிடத்தினாள். ரெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த நாட்களிலும் அங்கே போய்க் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, விளக்கு வைத்துவிட்டு வந்தாளாம். அதுதான் அவளுடைய பக்தி. சிகரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

கடைசி ரெண்டு வருடம் முழங்கால் விட்டுவிட்டது. லயத்துக்கும் மரத்துக்கும் இடையில் நூறு படியாவது இருக்கும். அவளால் ஏற முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே கேள்விதான்.

"சாமிக்கு வெளக்கு வச்சாங்களா தாயி?"

"வச்சாச்சு அப்பாயி."

அந்தச் சமயத்தில்தான் வாகை மரத்துக்குப் பக்கத்திலிருந்த பழைய தகரக் கோயிலை இடித்து, கோபுரம் வைத்து மாரியம்மன் கோயில் கட்டினார்கள். தலைவர் பெரியப்பா. கங்காணி வேலை போனபின் அவருக்கு அதிகாரம் செய்ய ஓர் இடம் தேவைப்பட்டது. எழுத்து வேலையெல்லாம் என் தலையில். முகமில்லாத கல்லை உள்ளே வைக்க ஆகமத்தில் இடமில்லை என்று சிற்பி சொன்னார். வெளியே தனியாக மேடை கட்டி வைத்துவிடலாம் என்று பெரியப்பா எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பிறகு கும்பாபிஷேகத்துக்குப் பெரிய இடத்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெரிந்தது. அவர்களுக்குக் கக்கூஸ் வேண்டுமே. சரிவில்லாத இடம் வாகை மரத்தடி மட்டும்தான். மரத்தை வெட்டினார்கள். பெக்கோ இயந்திரம் வந்து மண்ணைத் தோண்டியது. கல்லைத் தூக்கி அத்திவாரத்தில் போட்டு மேலே கொங்கிரீட் ஊற்றினார்கள். ரோஸ் கலர் டைல்ஸ் பதித்தார்கள்.

"கெழவிக்கு இப்ப சொல்லிறாத. திருவிழா முடியட்டும்" என்றார் பெரியப்பா.

நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் சதுரம் போட்டு வரைபடம் வரைந்து கொடுத்தவளே நான்தான். அதன்பிறகும் தினமும் "வச்சாச்சு அப்பாயி" என்றேன். இப்போது நினைத்தால் என் வாயையே கழுவ வேண்டும் போலிருக்கிறது.

கும்பாபிஷேகத்தன்று விடியும் முன்பே அப்பாயியை எழுப்பி, விறைப்பான பட்டுச்சேலையைச் சுற்றி, நாற்காலியோடு நாலு பேர் மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். முன்வரிசையில் காட்சிப் பொருளாக வைத்தார்கள். பெரியப்பா மைக்கைப் பிடித்து, தன் தாயின் பக்திதான் இந்தக் கோயிலாக எழுந்து நிற்கிறது என்றார். அந்தத் தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுக்காமல் மாதக்கணக்கில் ஏய்த்த வாய் அது. பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். யாரோ ஒரு விருந்தாளி அவள் காலில் விழுந்து, படம் சரியாக வரவில்லை என்று மறுபடி விழுந்தார்.

வெயில் ஏறியதும் அப்பாயி, காலடியில் உட்கார்ந்திருந்த என் காதருகில் குனிந்தாள்.

"ஒண்ணுக்குப் போவணும் தாயி. காலையிலேருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்."

அவளை எழுப்பிக் கைத்தாங்கலாகப் பின்பக்கம் நடத்திச் சென்றேன். வேறு இடம் இல்லை. கதவைத் திறந்தேன். அவள் உள்ளே பார்க்கவில்லை. எதிரே தெரிந்த ஃபெக்டரிப் புகைக்கூண்டைப் பார்த்தாள். கீழே றோட்டு வளைவைப் பார்த்தாள். பிறகு காலடியில் நின்ற வெட்டுக்கட்டையை.

"இது நம்ம வாகை மரமில்ல?"

"ஆமா அப்பாயி."

"சாமி எங்க?"

என் கண் ரோஸ் டைல்ஸ் மேல் போய் நின்றது. அவளும் அங்கே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது, என் தோளில் இருந்த அவள் விரல்கள் இறுகியதில் எனக்குத் தெரிந்தது.

"உள்ள வாங்க அப்பாயி, அவசரம்னு சொன்னீங்களே."

"இங்க வேணாம். லயத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"அவ்வளவு தூரம் தாங்காது அப்பாயி."

"தாங்கும்."

தாங்கவில்லை. படிக்குப் போகும் வழி அன்னதானப் பந்தலைக் கடந்துதான் போகிறது. பந்தி நடந்துகொண்டிருந்தது. பாதி தூரத்தில் அப்பாயி நின்றாள். பட்டுச்சேலை நனைந்து, அவள் பாதத்தைச் சுற்றிச் சேறானது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சீ, கருமம். சாமி காரியத்துல இப்படியா?"

பெரியப்பா வேகமாக வந்தார். தன் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அந்தா பக்கத்துலயே கக்கூஸ் இருக்குல்ல. கூட்டிட்டுப் போகத் தெரியாதா ஒனக்கு?"

பந்தல் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாமி மேல் ஒண்ணுக்கு இருக்க மாட்டேன் என்றுதான் இவள் இப்படி நிற்கிறாள், அசிங்கம் செய்தவர்கள் நாம்தான் என்று ஒரு வார்த்தை அங்கே சொல்லியிருந்தால் போதும். சொல்வதற்கு என்னைத் தவிர ஆளும் இல்லை.

"வயசாயிருச்சு பெரியப்பா. அவங்களால அடக்க முடியல" என்றேன்.

அப்பாயி என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். என் தோளிலிருந்து கையை எடுத்தாள். ஓரத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு, தனியாகப் படி இறங்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு சாகும்வரை விளக்கு வைத்தார்களா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை.