வாலுக்குக் கட்டம் இல்லை

கண்ணாடியை ஸ்பூனால் இருமுறை தட்டிவிட்டு, "வந்துட்டீங்களா அமைச்சரே, போன காரியம் ஆச்சா?" என்று கேட்கிறாள் ஹில்டூர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மீன்கள் அணையைத் தாண்டுவதற்கென்று கட்டிய நீர்ப்படிகளில், ஒரு சால்மன் இளைப்பாறுகிறது. அதன் வால் நுனியில் முக்கோணமாக ஒரு வெட்டு. எண்ணிக்கை அட்டையில் ஒரு கோடு போடுகிறாள். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுவாலையும் வரைகிறாள்.

சுவீடனின் வடக்கே ஒரு நீர்மின் அணை. அதன் நிலவறையில் பதினாறு கோடைகளாக மீன் எண்ணுவது அவள் வேலை. கொதிக்கும் காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளை ஊறப்போட்டு, ஸ்பூனால் எடுத்துத் தின்பாள். மீனை விசாரிப்பதும் அதே ஸ்பூனால்தான்.

அமைச்சர் முப்பத்திரண்டு படி ஏறி மேலே போவார். மேலே ஆறு இல்லை, அசையாத நீர்த்தேக்கம். ஓடுகிற தண்ணீரை எதிர்த்தால்தான் சால்மனுக்கு வழி தெரியும். அங்கே தண்ணீர் ஓடுவது மதகுப் பக்கம் மட்டும். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரோடு கீழே விழுவார். மறுபடி முதல் படி. "தலைநகருக்கு நாம அனுப்புற ஆளுங்களும் இப்படித்தான்," என்பாள் ஹில்டூர். "போவாங்க, வருவாங்க. நடுவுல ஒண்ணும் நடக்காது."

ஆண்டுக்கு நாற்பது மீன் மேலே போனால் அணையின் உரிமம் அப்படியே நீளும். போகாவிட்டால், பக்கத்தில் கல்லும் புல்லுமாய்க் கிடக்கிற பழைய ஆற்றில் தண்ணீர் திறந்துவிட வேண்டும். நாற்பதாவது கோடு விழுந்த அன்று மேலாளர் கென்னெத், மீன் படம் போட்ட கேக்கோடு வந்தான். அவனும் உள்ளூர்க்காரன்தான்.

"இதுல பதினொண்ணு நம்ம அமைச்சரேதான், கென்னெத்."

"படிவத்துல வாலுக்கெல்லாம் கட்டம் இல்ல, ஹில்டூர். கேக்கைச் சாப்பிடு."

"ஒரே ஆளு பதினொரு தடவை ஓட்டுப் போட்டா செல்லுமா?"

"காபி ஆறுது பாரு."

சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கேக் வெந்ததும், அவள் காபி கொதிப்பதும் இந்த அணையின் மின்சாரத்தில்தான். அதனால் அதற்குமேல் பேச அவளுக்கு ஒரு கூச்சம். அறிக்கைக்காக அட்டையை நகல் எடுத்தபோது, நகலில் ஓரம் வெட்டுப்பட்டது. வால்களும் போயின.

ஆகஸ்ட் கடைசியில், உரிமத்தைத் தீர்மானிக்கும் நீதிபதி ஸ்டாக்ஹோமிலிருந்து நேரில் வந்தார். காலில் புத்தம்புது ரப்பர் பூட்ஸ், கையில் அறிக்கை.

"ஒரே மீன் திரும்பத் திரும்ப வந்திருக்குமா?" என்று ஹில்டூரைக் கேட்டார்.

ஹில்டூர் உதட்டைக் குவித்து, 'ஷ்ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுத்தாள். வடக்கே அதுதான் 'ஆமாம்'. பாதிரியார் முன்னால் கல்யாணத்துக்கே அவள் அப்படித்தான் சம்மதம் சொன்னாள்.

நீதிபதி பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஷ்ஷுப்!" இன்னும் அழுத்தி இழுத்தாள்.

"அடடா, மூச்சு முட்டுது போல. தண்ணி குடுங்க இவங்களுக்கு! பரவாயில்லம்மா, பதில் இல்லைன்னு எழுதிக்கிறேன்."

கென்னெத்துக்கு அந்த மூச்சு நன்றாகவே புரிந்தது. "கீழ காத்து கம்மி," என்று சொல்லி, டம்ளர் நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினான். இத்தனை வருடத்தில் அவன் தாராளமாகத் தண்ணீர் விட்டது அன்றைக்குத்தான்.

ஹில்டூர் அதைக் குடிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது, வெட்டுவால் தெரிந்தது. டம்ளரை ஓரமாக வைத்தாள். ஆணியில் தொங்கிய அசல் அட்டையைக் கழற்றி, ஓரத்தில் பதினொரு வால்களும் தெரியும்படி நீதிபதியின் முன்னால் விரித்தாள். பென்சிலை அவர் விரல்களுக்கு நடுவில் செருகினாள். பிறகு ஸ்பூனை எடுத்து, கண்ணாடியை இருமுறை தட்டினாள்.