உச்சித் தளத்துத் தொட்டி

வில்ஃப் ஆர்கிலைப் பிடிவாதக்காரன் என்பார்கள் எங்கள் ஊரில். அதெல்லாம் இல்லை, அந்தக் கட்டடத்தின் மேல் அவனுக்குப் பைத்தியம், அவ்வளவுதான்.

நான் நடத்தும் பப் என்கிற மதுக்கடைக்கு எதிரேதான் அந்தப் பழைய பீர் ஆலை. விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் கோபுரம், ஆறு மாடி. உச்சியில் கூரைக்குப் பதிலாகவே ஒரு பெரிய வார்ப்பிரும்புத் தொட்டி. தண்ணீரையும் தானியத்தையும் மேலே ஏற்றிவிட்டால் போதும். தளம் தளமாகத் தானே கீழிறங்கி, பீராகி, நிலவறைப் பீப்பாய்களில் வந்து விழும். அப்படிக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட நாள் முதல் ஆலை மூடும்வரை வில்ஃபுக்கு அந்த உச்சித் தளத்தில்தான் வேலை. மூடியபின் காவல்காரனாக ஒட்டிக்கொண்டான்.

"எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, ஆறு மாடி உசரம்" என்பாள் அவன் மனைவி ஈனிட்.

நகராட்சி அதை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கப் பார்த்தது. ஊரே கத்தியதும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். வசந்தத்தில் ஒரு பொறியாளர் வருவார், கட்டடம் திடமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் இடிக்கமாட்டோம் என்றார்கள். வில்ஃபுக்குத் தலைகால் புரியவில்லை. வளைவுச் சன்னல்களைத் துடைத்தான். புறா எச்சம் சுரண்டினான். இரும்புத் தூண்களுக்குக் கறுப்பு வர்ணம் அடித்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் பப்புக்கு வந்தவன் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"தொட்டியை ரொப்பிட்டேன்."

"எதுக்குடா, குளிக்கப் போறியா?" என்றேன்.

"போடா. காலியாக் கெடந்தா இணைப்பெல்லாம் காஞ்சு விட்டுரும். அந்த ஆளு வர்றப்போ ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, பாத்துக்க."

தொட்டி ஒருநாளும் காலியாக நிற்கக்கூடாது. ஆலையில் சேருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவதே அதைத்தான். அன்று பப்பில் இருந்த அத்தனை பேரும் பழைய ஆலைக்காரர்கள். எல்லோரும் சரிதான் என்று தலையாட்டினார்கள்.

அந்த விதி பிறந்த காலத்தில் கீழே பீர் காய்ச்சும் அண்டா ஓயாமல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூடு மேலேறி, எந்தக் குளிரிலும் தொட்டியை உறையவிடாது. இப்போதோ அடுப்பில் பூனை தூங்குகிறது. இது ஒருவன் மண்டையிலும் உறைக்கவில்லை.

ஜனவரியில் கால்வாயே கல்லாக இறுகிவிட்டது. பனி இளகிய காலையில் இடி விழுந்தது போல ஒரு சத்தம். உறைந்தபோதே பனிக்கட்டி உப்பித் தொட்டி வெடித்திருக்கிறது. இளகியதும் அத்தனை தண்ணீரும் பீர் இறங்கிய அதே வழியில் இறங்கியது. தானியத் தளம் அப்படியே சரிந்து அடுத்த தளத்தில் விழ, தெருப்பக்கச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. வில்ஃப் காலை உணவை விட்டுவிட்டுக் காலுறையோடு ஓடிவந்தான். பிடித்து நிறுத்த மூன்று ஆள் வேண்டியிருந்தது.

பொறியாளரை அவசரமாக வரவழைத்தார்கள். சுற்றிப் பார்த்தார், இடிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார், என் கடைக்கு டீ குடிக்க வந்தார். மூலையில் இருந்த வில்ஃப் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து அவரிடம் போனான்.

"ஐயா, தொட்டி காலியா இருந்திருந்தா?"

வேண்டாம், வேண்டாம் என்று நான் இங்கிருந்து சாடை காட்டினேன். அந்த மனிதர் என் பக்கம் திரும்பினால்தானே!

"காலியாவா? இன்னும் நூறு வருஷம் அசையாம நின்னிருக்குமே. என்னா சுவரு! எந்த மடையன் ரொப்பி வச்சானோ."

"நான்தாங்க" என்றான் வில்ஃப்.

பாவம், அவர் நல்ல மனிதர்தான், அவன் யாரென்று அவருக்குத் தெரியாது. எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? வில்ஃப் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.