மொட்டைத் தலையோடு புடாபெஸ்ட்டில் இரண்டு நாள்

என் கணவர் முரளி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். போன வருடம் கம்பெனி அவரை ஹங்கேரிக்கு அனுப்பியது. ஏழு மாதம் போன் திரையில்தான் எங்கள் குடும்பம் நடந்தது. நான் போய்ப் பார்க்க விசா கேட்டேன், மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை விண்ணப்பித்த அன்று, "ஏழுமலையானே, இது மட்டும் கெடச்சா மொட்ட அடிச்சிக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் சத்தியவேடு பக்கம் பெண்கள் பெரும்பாலும் மூன்று கத்திரியோடு முடித்துக்கொள்வார்கள். அதாவது கூந்தல் நுனியில் மூன்று துணுக்கு வெட்டிக் கொடுத்தால் போதும். நான்தான் அவசரத்தில் முழுத் தலைக்கும் பேசிவிட்டேன். விசா வந்துவிட்டது. புத்தியுள்ளவர்கள் ஊர் திரும்பிவந்து காணிக்கை செலுத்துவார்கள். நேர்த்திக்கடனை வைத்துக்கொண்டு விமானம் ஏற எனக்குப் பயம். கிளம்புவதற்கு முந்தைய வாரமே திருமலையில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே பாதிக் கூட்டம் மொட்டை என்பதால் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புடாபெஸ்ட்டில் பார்த்தார்கள். பாஸ்போர்ட் படத்தில் எனக்கு இடுப்புவரை பின்னல். அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டு, "டெம்பிள்" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். நல்லா இருக்கட்டும் அந்த மனிதர்.

வெளியே முரளி நின்றிருந்தார். அவரிடம் மொட்டை விஷயத்தை நான் சொல்லவே இல்லை.

"ஐயையோ, இன்னாடி இது!"

"உன்னப் பாக்கத்தான்" என்றேன். அவர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டார். மார்ச் மாதக் குளிரில் அந்தத் தொப்பிதான் அடுத்த இரண்டு நாளும் எனக்குக் கூந்தல்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 100E பஸ், நாங்கள் போனபோது ஆளுக்கு 2,500 ஃபோரிண்ட், நம் பணத்தில் அறுநூற்றைம்பது ரூபாய் போல. சனிக்கிழமை காலை 2-ஆம் எண் டிராமில் ஏறினோம். டான்யூப் ஆற்றங்கரையை ஒட்டியே போகும் வண்டி. நாடாளுமன்றக் கட்டடம் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றபோது படம் எடுக்க, கண்ணை மறைத்த தொப்பியைக் கழற்றினேன். உடனே எதிர் இருக்கை அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். கையில் தடி வைத்திருந்தவர் அவர்! "எவ்வளவு மரியாதையான ஊர்" என்று உட்கார்ந்துவிட்டேன். முரளியும் தலையாட்டினார். எங்கள் இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

மதியம் பெரிய மார்க்கெட் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன காபிக் கடை. உள்ளே வெக்கையாக இருந்தது.

"தொப்பிய கயட்டேன், வேர்த்துக்கினு கீது பாரு" என்றார் முரளி. கழற்றி வைத்தேன்.

பரிமாறிய பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். நாங்கள் கேட்காத ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கசகசாவை அரைத்து வைத்துச் சுருட்டிய கேக். காசு வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டினார். விரல் நுனி அளவே முடி இருந்தது. "நானும்தான்" என்றார், தெரிந்த ஆங்கிலத்தில். "சிகிச்சை முடிந்துவிட்டது. வியாழக்கிழமை ஸ்கேன். பயமாக இருக்கிறது."

என் மொட்டையும் அதே சிகிச்சையால் என்று நினைத்துவிட்டார். டிராம் அம்மாள் ஏன் எழுந்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"வாய மூடிக்கினு துன்னு. ஆசையா குடுத்துகிறாங்க, மனசு நோகப்போவுது" என்று முரளி முணுமுணுத்தார்.

என்னால் முடியவில்லை. புற்றுநோயோடு போராடியவர் கொடுத்த கேக்கைப் பொய்யாகத் தின்பதா? "எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முடியைச் சாமிக்குக் கொடுத்தேன்" என்றேன்.

"எதற்காக?"

"விசாவுக்காக."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை! சமையலறையிலிருந்தவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் முரளியைக் காட்டி, "இவருக்காகவா? அப்படியானால் விலை சரிதான்" என்றார். அவர் பெயர் ஏவா. ஒரு வருடமாக இப்படிச் சிரித்ததே இல்லையாம். தட்டை எடுத்துக்கொள்ளவில்லை, இன்னொரு துண்டு வைத்தார்.

கிளம்பும்போது போன் எண் வாங்கிக்கொண்டேன். வாசலில் முரளி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அவங்களுக்கோசரம் வேண்டிக்கினியா?"

"ம்."

"மூணு கத்திரி தானே?"

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: மார்ச்சில் கம்பளித் தொப்பி கட்டாயம். டிராமுக்கு ஒருநாள் டிக்கெட் எடுத்துவிட்டால் தைரியமாக ஏறி இறங்கலாம். சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டுக் கேட்டு வாங்குங்கள், சூப்பிலும் கறி இருக்கும். மொட்டை அடித்திருந்தால், முதலிலேயே காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரமே ஏவாவிடமிருந்து செய்தி வந்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. நேற்று ஒரு படமும் அனுப்பினார். முடி காதை மூடியிருக்கிறது, நெற்றியில் சுருளாக விழுகிறது. எனக்கும் இப்போதுதான் சீப்பு நிற்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருமலைக்குப் போகிறேன், முழுத் தலைக்கும்தான்.