படைத்தலைவன் அழுத பக்கம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அந்த அம்மாவுக்கு ‘லத்தீன் அக்கா’ என்று பெயர். நாளொன்றுக்கு நானூறு படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க லத்தீன் எந்த வகையிலும் உதவவில்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் பல்கலைக்கழகத்தில் லத்தீன் இலக்கியம் படித்தவர். கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் அவருடைய அம்மா இறந்துபோனார். அப்பாவுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டியிருந்தது. படிப்பு அதோடு சரி.

அந்த ஆற்றாமை தீராமல்தான் மகளையும் அதே வகுப்பில் சேர்த்துவிட்டார். வகுப்பில் மொத்தமே ஐந்து பேர்.

ஒரு செவ்வாய்க்கிழமை மகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

“அம்மா, அஞ்சு பேரும் காப்பியடிச்சோம்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. படிப்பை விட்டே தூக்கிடுவாங்களாம்.”

“அடிச்சீங்களாடி?”

“ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் அடிக்கல. நூலகத்துல அந்தப் பாடப் புத்தகம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. யாரோ வரிக்கு வரி பென்சில்ல அர்த்தம் எழுதி வெச்சிருந்தாங்க. அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டோம். அந்தப் புண்ணியவான் ஒரே இடத்துல காலை வாரிட்டான்.”

“எந்த இடம்?”

“‘படைத்தலைவன் பாலத்தை உடைக்கச் சொன்னான்’னு வரணுமாம். நாங்க அஞ்சு பேரும் ‘படைத்தலைவன் தன் அம்மாவை நினைத்து அழுதான்’னு எழுதியிருக்கோம்.”

அந்தப் புண்ணியவான் யாரென்று அக்காவுக்குத் தெரியும். அம்மா போன மறுவாரம் புத்தகத்தை விரித்தால் எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வரிக்கு மனதில் பட்டதை எழுதிவிட்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அழித்திருக்கலாம். மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் பேராசிரியர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஐந்து பேரும் சுவரோரம் நின்றிருந்தார்கள்.

“அதை எழுதினது நான்தான் சார்.”

“பிள்ளையைக் காப்பாத்தணும்னா அம்மாக்கள் கொலையைக்கூட ஒத்துக்குவாங்க,” என்றார் பேராசிரியர். “எனக்கே காது குத்தாதீங்க.”

“அதுக்கு முந்தின பக்கத்துல, கீழ் ஓரத்துல பாருங்க. எட்டு, ரெண்டு, ஒம்பதுன்னு இருக்கும். எங்கம்மாவுக்கு மாத்திரை குடுக்கற நேரம். முன்னாடிப் பக்கங்கள்லயும் இருக்கும். அந்தப் பக்கத்துக்கு அப்புறம் இருக்காது.”

பேராசிரியர் மேஜையில் இருந்த நூலகப் புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. அப்புறம் இல்லை. கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, விடைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி வாசித்தார்.

“‘படையில் காவல் மாறும் நேரம்: எட்டு, இரண்டு, ஒன்பது.’”

சுவரோரம் இருந்த ஒல்லிப் பையன் விட்டத்தை ஆராயத் தொடங்கினான்.

“இதுக்கு நான் ரெண்டு மார்க் போட்டிருக்கேன்,” என்றார் பேராசிரியர்.

காப்பியடித்த குற்றம் தள்ளுபடியானது. வேறு புத்தகத்திலிருந்து ஐந்து பேரும் மறுபடி எழுத வேண்டும் என்று தீர்ப்பு. மகள் போன உயிர் திரும்பி வந்தவளாக மூச்சு விட்டாள்.

பிறகு பேராசிரியர் அழிப்பானையும் பென்சிலையும் அக்கா பக்கம் தள்ளினார். அக்கா படைத்தலைவனின் அழுகையை அழித்தார். லத்தீன் வரியை ஒருமுறை வாய்க்குள் படித்தார், அகராதி கேட்கவில்லை. பாலத்தை உடைக்கச் சொன்னதாக எழுதினார். இத்தனை வருடமாகியும் எழுத்து மாறவே இல்லை. அதே வேகத்தில் முந்தின பக்கத்தைத் திருப்பி, எட்டின் மேல் அழிப்பானை வைத்தார்.

பேராசிரியர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அது இருக்கட்டும்மா. அதுல தப்பு ஒண்ணும் இல்லையே.”