பத்து நிமிடம் முந்திய பெரிய வெள்ளி

மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிய கடிகார ஸ்பிரிங்கின் நுனி முதலில் ஈயின் முதுகைப் போல நீலமாக மின்னியது. அடுத்த நொடியில் விறைப்பெல்லாம் போய், நனைந்த தலைமுடியாகத் தொங்கியது. அப்போது எனக்குப் பதினொரு வயது. உலோகம் என்று இருந்தால் நெருப்பில் காட்டி ஒட்டிவிடலாம் என்பது, தெருவுக்கு வந்து ஓட்டைக் குடத்துக்கு 'ஈயம் பத்தவைக்கிற' ஆளின் பக்கத்தில் குந்தியிருந்து நான் பெற்ற விஞ்ஞான அறிவு.

ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலுக்கு அப்பாதான் உபதேசியார்; கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, செபம் சொல்லித் தருவது எல்லாம் அவர் வேலை. பெரிய வியாழன் பூசையிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் மணி அடிக்கக் கூடாது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஊரைக் கூப்பிட வேண்டும். அந்தத் துக்க நாட்களில் வீட்டு ரேடியோவும் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்கும் என்பதால், வருஷம் முழுக்கக் கோயில் பீரோவில் சும்மா கிடக்கும் ஒரு கைக்கடிகாரம் அப்பாவின் கையில் ஏறும். கடிகாரம் காட்டுவது அப்பாவுக்கு நேரம். அப்பா தட்டுவது ஊருக்கு நேரம். 'நேரம் தவறுற உபதேசியார் நமக்கு எதுக்கு' என்று கேட்டு அவரை வேலையைவிட்டு அனுப்ப ஊரில் இரண்டு பேர் எப்போதும் தயாராக இருந்தார்கள்.

வியாழன் காலை, பாதம் கழுவும் சடங்குக்குப் பெஞ்சு போட அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். மேசைமேல் இருந்த கடிகாரத்துக்குள் 'டிக் டிக்' என்கிற ஆள் யார் என்று பார்க்கும் ஆசையில் கத்தி முனையால் பின்மூடியைத் திறந்து, உள்ளே சுருங்கி விரிந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்த மயிரிழைச் சுருளை அம்மாவின் 'முள்வாங்கி'யால் தொட்டேன். அதன் வெளிநுனி பிடிப்பிலிருந்து கழன்று நிமிர்ந்தது. டிக் டிக் கடிகாரத்தைவிட்டு என் நெஞ்சுக்குக் குடிவந்தது. அதற்குப் பிறகுதான் மெழுகுவர்த்தி.

எட்டிப் பார்த்த அமலி அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பா இன்னிக்கு ஊர்க்காரங்க காலைக் கழுவத் தண்ணி எடுப்பாங்க. உன்னை முழுசா வெளுத்துடுவாங்கடா."

ஈஸ்டர் மெழுகுவர்த்தி வாங்க அரியலூருக்கு யார் போவது என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் நான் பஸ்ஸில் இருந்தேன், கடிகாரம் இருந்த சோப்பு டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தியபடி.

பஸ் ஸ்டாண்டு ஓரம் கடிகாரம் பழுதுபார்க்கும் காதர் பாய், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நெருப்புல காட்டுனியா?"

"லேசா, பாய்."

"சூடு பட்டா இது ஸ்பிரிங் இல்ல தம்பி, நூலு. இனிமே பட்டன் தைக்கலாம்."

வெந்த பகுதியை நறுக்கி எறிந்தார். ஈயமில்லை, அடுப்பில்லை, பசைகூட இல்லை. கடுகில் பாதியளவு இருந்த ஓர் உலோகக் குமிழின் துளைக்குள் சுருளின் புது நுனியை நுழைத்து, அதே துளையில் ஊசிமுனை மாதிரி ஒரு பித்தளை ஆப்பைச் செருகி, இடுக்கியால் ஓர் அழுத்து. கட்டில் கால் ஆடினால் ஆப்பு வைப்போமே, அதே வேலை. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். நானும் மூச்சு விடவில்லை, அது வேறு காரணம். சுருள் மறுபடி சுருங்கி விரிந்தது.

"நுனியை நறுக்குனதுல குட்டையாயிடுச்சு, அதனால முந்தி ஓடும். ரெண்டு நாள் இங்க கிடக்கட்டும், ஓடவுட்டுப் பாத்துத் திருத்தித் தரேன்."

"முந்துனா பரவால்ல பாய். லேட்டாகாம இருந்தா சரி" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். இப்படியொரு பதிலைச் சொல்லத் தனி மூளை வேண்டும்.

மறுநாள் பெரிய வெள்ளி. ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட மூன்று மணிக்கு என்று அப்பா கட்டையைத் தட்ட, ஊரே கோயிலில் கூடிவிட்டது. வெளியூரிலிருந்து வந்து பூசை வைக்கும் குருவான சாமியைத்தான் காணோம். ஐந்து நிமிடம் போயிற்று, எட்டு போயிற்று. அந்த இரண்டு பேர் தொண்டையைச் செருமத் தொடங்கினார்கள். "சாமி தூங்கிட்டாரா, இல்ல நம்ம உபதேசியாருக்குத்தான் அவசரமா?" என்றார் ஒருவர். எங்கள் ஊரில் மட்டும் ஆண்டவரை முன்கூட்டியே சிலுவையில் ஏற்றிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேர்த்து விறுவிறுத்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய சாமி தன் கடிகாரத்தைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அப்பாவின் வேலை போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மன்னிச்சுக்குங்க உபதேசியாரே. என் வாட்ச் பத்து நிமிஷம் பின்னாடி ஓடுது போல."

கண்ணைத் திறந்தபோது சாமி தன் கடிகாரத்து முள்ளை அப்பாவின் கடிகாரத்துக்குச் சரியாகத் திருப்பிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. யார் கண்ணிலும் படாமல் தலையைக் குனிந்து மண்டியிட்டுக்கொண்டேன்; பக்தி என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, சாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், நெருப்பிலிருந்து ஆப்பு வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். தட்டிக்கு அப்பால் சாமி வாட்சைக் கழற்றுவது கேட்டது. பிறகு, முள்ளைத் திருப்ப அதன் திருகை வெளியே இழுக்கும் மெல்லிய 'கிளிக்'.

"பத்து நிமிஷமாடா?"

"ஆமா சாமி."

"மூணு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லு. இங்க சொன்னதை நான் வெளிய சொல்ல முடியாது. உங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. அன்று நடுராத்திரி ஈஸ்டர் பூசைக்குச் சாமி கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, அப்பா கட்டையைத் தட்டும்வரை வாசலில் நின்றிருந்தார்.

அப்பாவும் சாமியும் இன்று இல்லை. நான் பெரம்பலூரில் இருக்கிறேன். பெரிய வெள்ளிக்கு மட்டும் ஊருக்குப் போவேன். போன வருஷம் புது உபதேசியார் இரண்டு நிமிடம் முன்னதாகக் கட்டையைத் தட்டிவிட்டார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு செல்லை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். முதலில் நீட்டியவன் நான்.