பனிக்காலத்து மெட்டி

எனக்கு எட்டு வயதானபோது, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் அம்மா வழுக்கி விழுந்தாள். என்னை ஸ்கூல் பஸ் ஏற்றக் கைபிடித்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். முந்தைய நாள் பெய்த மழை உறைந்து போயிருந்தது. பார்வைக்கு வெறும் ஈரத்தரை. பூட்ஸ் நேராகத்தான் நின்றது. உள்ளே அம்மாவின் கால் மட்டும் திரும்பிக்கொண்டது.

அந்த பூட்ஸ் அவளுக்கு ஒரு சைஸ் பெரிது. காரணம் மெட்டி. அளவான பூட்ஸில் கம்பளி சாக்ஸும் சேர்ந்தால் மெட்டி பக்கத்து விரலைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். "லூசா இருந்தா என்னங்க, நடக்கத்தானே போறேன்" என்று கடையிலேயே அப்பாவின் வாயை அடைத்திருந்தாள்.

வீங்கிய கணுக்காலை அழுத்திப் பார்த்த டாக்டர், எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்றார். பிறகு பூட்ஸைக் கையில் எடுத்தார். கணுக்காலை இறுக்கிப் பிடிக்காத பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஐஸில் நடக்கவே கூடாது, அடிப்பக்கம் ரப்பராக, பள்ளம் பள்ளமாக இருக்க வேண்டும், குட்டி அடியாக எடுத்து வைக்க வேண்டும் என்றார். விரலில் என்ன வளையம் என்று கேட்டார். கல்யாண மோதிரம், எங்கள் ஊரில் பெண்கள் காலில் போடுவார்கள் என்று அப்பா ஆங்கிலத்தில் விளக்கினார். அப்படியானால் கோடையில் போட்டுக்கொள்ளட்டும் என்று டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வீக்கம் வடிந்ததும் அப்பா அளவான புது பூட்ஸ் வாங்கி வந்தார். இரண்டு நாள் கழித்து அம்மாவின் கால்விரல்கள் வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். மெட்டிகள் சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தன. அவற்றோடு அப்பாவின் கல்யாண மோதிரமும் இருந்தது.

வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரியின் அம்மா மோதிரத்தைக் கழற்றிய மறுமாதமே அவளுடைய அப்பா வேறு வீட்டுக்குப் போய்விட்டார். இதையெல்லாம் லஞ்ச் நேரத்தில் அவள் எனக்கு விவரமாகச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து இருவரையும் கண்காணித்தேன். காரிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது, அப்பாவின் கையைப் பற்றியபடி, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அம்மா நடப்பாள். அப்பாவும் அப்படியே. பெரிய சண்டைதான் என்று முடிவு செய்தேன். அவர்கள் ஐஸைப் பார்த்து நடக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு நாள் காலையில் எங்கள் ஊர் கோபியிலிருந்து மாமா போனில் கூப்பிட, அம்மா பேசப் போன நேரத்தில் அப்பாவின் டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர்சாதத்துக்குள் மோதிரத்தை அழுத்தி மூடினேன். கண்ணில் பட்டால் எடுத்துப் போட்டுக்கொள்வார் என்பது என் கணக்கு.

சாயங்காலம் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். டிஷ்யூவில் சுற்றிய மோதிரத்தை மேசைமேல் வைத்தார்.

"தயிர்சாதத்துல இதப் போட்டது யாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அழ ஆரம்பித்தேன். "ஆர் யூ கைஸ் கெட்டிங் எ டிவோர்ஸ்?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பா என்னை அருகில் இழுத்துக்கொண்டார்.

"அம்மா மெட்டியக் கழட்டவே மாட்டேன்னா சாமி. கல்யாணமே ஆகாதவளாட்ட இருக்குதுன்னு ஒரே அழுகை. சரி, ஐஸ் கரையற வரைக்கும் நானும் மோதிரத்தக் கழட்டி வெச்சர்றேன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அழுகை நின்றது. ஆனால் விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. "பட் யுவர் பூட்ஸ் ஃபிட், அப்பா!" என்றேன். கைவிரல் மோதிரம் காலை என்ன செய்யும்?

அப்பா மோதிரத்தைக் கழுவி, மறுபடி மெட்டிகளோடு வைத்தார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் காபி ஆற்றினாள்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் அப்புறம் யாரும் விழவில்லை. மெட்டியைப் பற்றி டாக்டர் பேசிய ஆங்கிலம் அப்பாவுக்குச் சரியாகப் புரியவில்லை என்று மட்டும் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.